மீன் சாப்பிடச் சென்னைக்கு வருகிறவர்களுக்கு

கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் சென்னைக்கு வருகிற சொந்தக்காரர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். தி. நகரில் புடவை, மெரினா, வண்டலூர், மாமல்லபுரம். எல்லாம் முடிந்தபின் கடைசி வரியாக, ‘நல்ல மீன் சாப்பிட வேண்டும்’. அது கடைசி வரியாக இருக்கும்வரை நல்ல மீன் கிடைக்காது. கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு இரவு 8 மணிக்குக் கடற்கரையில் போய் நின்றால், மத்தியானத்திலிருந்து சிவப்பு மசாலாவைப் பூசிக்கொண்டு தட்டில் கிடக்கும் துண்டைத்தான் எடுத்து வறுத்துத் தருவார்கள். அதைத் தின்றுவிட்டு, சென்னை மீன் அப்படியொன்றும் பிரமாதமில்லை என்று ஊருக்குப் போய்ச் சொல்வார்கள்.

மீனுக்காகத்தான் வருகிறீர்கள் என்றால் திட்டத்தையும் மீனிலிருந்தே தொடங்குங்கள். எந்த மாதம், எந்தக் கிழமை, காலை எத்தனை மணி என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். எந்த ஓட்டல் என்ற கேள்வி அதற்கு அப்புறம். முதல்முறை வருகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். சென்னையிலேயே இருந்துகொண்டு கைப்பேசியில் மீன் வாங்குகிறவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

முதலில் மாதம்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்த தடை, 2017 முதல் 61 நாளாக இருக்கிறது. பள்ளி விடுமுறை வருவதும், குடும்பங்கள் சென்னைக்கு மூட்டை கட்டுவதும் சரியாக இதே காலத்தில்தான். வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அப்போது படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு கட்டிக் கிடக்கும். வலையைச் சரிபார்ப்பார்கள், படகுக்கு வர்ணம் அடிப்பார்கள்.

மீன் அறவே இருக்காது என்று இல்லை. நாட்டுப்படகுகளுக்கும் பைபர் படகுகளுக்கும் தடை கிடையாது. கரையோர மீன் கொஞ்சம் வரும். மேற்குக் கரையிலிருந்து ஐஸ் போட்ட லாரிகளும் வரும். ஆனால் மேற்குக் கரைக்கும் ஒரு தடைக்காலம் உண்டு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் இரண்டு கரையிலும் விசைப்படகுகள் நின்றுவிடுகின்றன. மீனுக்காகச் சென்னை வருவதற்கு வருடத்திலேயே மோசமான நேரம் அதுதான். அந்த நாட்களில் ஓட்டல் தட்டில் வந்து விழும் வஞ்சிரம் எந்தக் கடலில் பிடிபட்டது, எத்தனை நாள் குளிர்பதனக் கிடங்கில் இருந்தது என்று பரிமாறுகிறவருக்கும் தெரியாது.

தடை முடிந்து படகுகள் திரும்பத் தொடங்கியதும் வரத்து கூடும். ஆனால் விலை உடனே இறங்கிவிடாது. இரண்டு மாதமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்த ஊர் முழுக்கச் சந்தைக்கு வந்துவிடும். மேற்குக் கரையில் தடை இருப்பதால் இங்கே இறங்கும் மீனில் ஒரு பங்கு கேரளத்துக்கு லாரி ஏறும். ஆகஸ்டு வரை பொறுப்பது நல்லது.

நான் சிபாரிசு செய்யும் மாதம் பலருக்கு வியப்பாக இருக்கும்: புரட்டாசி. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை பெருமாளுக்காக ஊரில் பாதி வீடுகள் சைவமாகிவிடும். கடலில் மீன் புரட்டாசி பார்ப்பதில்லை. படகுகள் போகின்றன, வருகின்றன, வாங்க ஆள் குறைவு. சாதாரண நாட்களில் நிமிர்ந்து பார்க்காத வியாபாரிகூட உங்களைக் கூப்பிட்டு விலை சொல்வார். சனிக்கிழமை என்றால் இன்னும் நல்லது. ஒரே சிக்கல், நீங்கள் தங்கும் உறவினர் வீட்டு அடுப்பில் மீன் ஏறாது. புரட்டாசி முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சந்தைப் பக்கமே போக வேண்டாம். ஒரு மாதப் பசியும் அன்றைக்குத்தான் தீர்த்துக்கொள்ளப்படும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். வடகிழக்குப் பருவமழையில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் செய்தியின் கடைசியில், ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று ஒரு வரி வரும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். வெளியூர்க்காரர்கள் அந்த வரியை மீனவர்களுக்குச் சொன்னதாக நினைத்துக் கடந்துபோகிறார்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்: நாளைக்கும் மறுநாளும் புது மீன் இல்லை. 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் போல ஒரு புயல் வந்தால் மீன் இருக்கட்டும், ஊருக்குள் நடமாடவே முடியாது. டிசம்பரில் வர நினைப்பவர்கள் பயணச்சீட்டை ரத்து செய்யக்கூடியதாக எடுப்பது நல்லது.

தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை எல்லோருக்கும் ஏற்ற காலம். வெயில் பொறுக்கும்படி இருக்கும், கடலும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். காணும் பொங்கலன்று மட்டும் மெரினாவுக்குப் போகாதீர்கள். அன்றைக்கு அங்கே மணலே கண்ணில் படாது.

பிறகு கிழமை

காசிமேட்டுக்கு ஞாயிறு பெரிய நாள். ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன் பிடிக்கும் விசைப்படகுகள் பலவும் ஞாயிற்றுக்கிழமைக் கிராக்கியைக் கணக்கில் வைத்தே கரைக்குத் திரும்பும். வகை அதிகம், வரத்து அதிகம், கூட்டமும் விலையும் அதைவிட அதிகம். வேடிக்கை பார்க்க ஞாயிறு. வாங்குவதற்கு வேறு நாள். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளிலும் அமாவாசை, கிருத்திகை நாட்களிலும் அசைவம் தொடாத வீடுகள் நிறைய. அந்த நாட்களில் பேரம் பேச இடம் இருக்கும், மீன் வெட்டித் தருகிறவர்களும் அவசரப்பட மாட்டார்கள்.

இரண்டு இரவு தங்க முடிந்தால் வியாழன் மாலை வந்து சேர்ந்து, வெள்ளி காலை மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பம் மீன் சந்தை, சனி விடியற்காலை காசிமேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதிதான் முடியும் என்பவர்கள் சனிக்கிழமையைக் காசிமேட்டுக்கும் ஞாயிறை நொச்சிக்குப்பத்துக்கும் கொடுக்கலாம்.

எங்கே தங்குவது

தென்மாவட்டங்களிலிருந்து வரும் அரசு பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. 2023 டிசம்பர் இறுதியில் திறந்த அந்தப் பேருந்து முனையம் ஊருக்கு வெகு வெளியே இருக்கிறது. அங்கேயே பக்கத்தில் அறை எடுத்தால் விடியற்காலைச் சந்தையை மறந்துவிட வேண்டியதுதான். கூடியவரை ரயிலில் எழும்பூரிலோ சென்ட்ரலிலோ வந்து இறங்குங்கள்.

சிக்கனமாகத் தங்க திருவல்லிக்கேணி. மேன்ஷன்களும் சிறிய விடுதிகளும் நிறைய. மெரினாவுக்கு நடந்தே போகலாம், காசிமேட்டுக்கும் ஆட்டோவில் சீக்கிரம் போய்விடலாம். கூட வருகிறவர் சைவம் என்றாலும் கவலையில்லை, ரத்னா கபேயில் இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

சமையலறையோடு வீடு வேண்டும் என்றால் பெசன்ட் நகர், அடையாறு, திருவான்மியூர் பக்கம் வாடகைக்குக் கிடைக்கும். பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: ‘வீட்டில் மீன் சமைக்கலாமா?’ சென்னையில் அசைவம் சமைக்கக் கூடாது என்று நிபந்தனை போடும் வீட்டுக்காரர்கள் ஏராளம். இரண்டு கிலோ இறாலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் இந்த விவாதத்தை நடத்த முடியாது.

காசிமேடு

ராயபுரத்தை ஒட்டி இருக்கிறது காசிமேடு மீன்பிடித் துறைமுகம். நள்ளிரவு தாண்டியதுமே படகுகளிலிருந்து மீன் இறங்கத் தொடங்கும். விடிவதற்குள் மொத்த ஏலம் சூடு பிடித்துவிடும். மெட்ரோ ரயில் ஏறக்குறைய 5 மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். ஏலத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் முந்தின இரவே ஆட்டோவுக்கோ வாடகைக் காருக்கோ சொல்லி வையுங்கள். வாங்கினால் போதும் என்பவர்கள் முதல் மெட்ரோவில் தியாகராயா கல்லூரி நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் சில நிமிடங்களில் போய்விடலாம். மின்சார ரயிலில் வந்தால் ராயபுரம் நிலையம். 1856இல் திறந்த அந்தக் கட்டடத்தை, வந்ததற்கு ஒரு முறை நின்று பார்த்துவிட்டுப் போங்கள். இந்தியாவில் இன்றும் நிற்கும் ரயில் நிலையங்களில் அதுதான் மிகப் பழையது.

உள்ளே தரை முழுக்க ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீருமாக இருக்கும். ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். தரையில் புரளும் பேன்ட்டும் தொங்கும் துப்பட்டாவும் வேண்டாம். வழியின் நடுவில் நின்று போட்டோ எடுக்காதீர்கள். ‘ஓரம், ஓரம்’ என்ற குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டால் திரும்பிப் பார்க்க நேரமில்லை, ஒதுங்குவதற்குத்தான் நேரம். பின்னால் வருவது ஐஸ் பெட்டிகள் அடுக்கிய தள்ளுவண்டியாக இருக்கும்.

ஏலம் இப்படி நடக்கும். ஒரு கூடை மீன் தரையில் கொட்டப்படும். ஏலம் விடுகிறவர் ஒரு தொகையைச் சொல்லித் தொடங்குவார். சுற்றி நிற்கும் வியாபாரிகளில் பாதிப் பேர் பெண்கள். அவர்கள் வாயைத் திறந்து பேசுவது குறைவு. தலையசைப்பு, விரல், ஒரு முறைப்பு. புதிதாக வருகிறவருக்கு யார் கேட்டார், யார் விட்டார் என்றே புரியாது. அதற்குள் குவியலின் மேல் ஒருவர் தன் காலிக் கூடையை வைத்திருப்பார். முடிந்தது. அடுத்த கூடை. இங்கே கிலோக் கணக்கு கிடையாது. குவியலைப் பார்த்தே எத்தனை கிலோ தேறும், இன்றைக்கு எந்தத் தெருவில் என்ன விலைக்கு விற்கலாம் என்று அவர்கள் மனதுக்குள் போட்டு முடித்துவிடுகிறார்கள். நான்கு பேருக்கு மீன் வாங்க வந்தவர் கையைத் தூக்காமல் நின்று பார்ப்பதே நல்லது. நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து வந்து பங்கு போட்டுக்கொள்வதாக இருந்தால் விஷயம் வேறு.

ஏலத்தில் எடுத்த பெண்கள் அங்கேயே ஓரமாக உட்கார்ந்து சில்லறையில் விற்பார்கள். உங்கள் கடை அதுதான். முதலில் கண்ட இடத்தில் வாங்காமல் ஒரு சுற்றுச் சுற்றி மூன்று இடத்திலாவது விலை கேளுங்கள். சிறு மீன்களைக் கூறு போட்டு வைத்திருப்பார்கள். பெரிய மீனை எடை போடுவார்கள் அல்லது முழு மீனுக்கு ஒரு விலை சொல்வார்கள். ‘அக்கா’ என்றோ, வயதானவர் என்றால் ‘ஆயா’ என்றோ கூப்பிட்டுப் பேசுங்கள். பேரம் பேசலாம், தவறில்லை. ஆனால் பொழுது விடியும் முன் வந்து, முதல் போணிக்குக் காத்திருப்பவரிடம் பாதி விலைக்குக் கேட்டுவிட்டு வாங்காமல் நகர்ந்தால் நாலு வார்த்தை காதில் விழும். அது நியாயம்தான். கைப்பேசியில் பணம் அனுப்பும் வசதி பல கடைகளில் இருக்கிறது. இருந்தாலும் சில்லறை நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள், மீன் வெட்டுகிறவருக்குத் தேவைப்படும்.

நொச்சிக்குப்பம்

காசிமேட்டின் இரைச்சலும் இருட்டும் ஒத்துவராது என்றால், குழந்தைகளோடு வந்திருந்தால், நேராக நொச்சிக்குப்பம் போங்கள். மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, லூப் சாலையில் இருக்கிறது. சாலையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்தவர்களுக்காக 2024இல் கூரையோடு நவீன மீன் அங்காடி கட்டிக் கொடுத்தார்கள். பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கி நடக்கலாம்.

இங்கே வருவது பெரும்பாலும் பைபர் படகு மீன். இருட்டில் கடலுக்குப் போய், காலை 7 மணிக்கு மேல் ஒவ்வொன்றாகக் கரையேறும் படகுகள். ஐஸில் பல நாள் கிடந்த மீனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் வாயில் வைத்ததும் தெரியும். வகை குறைவு. அன்றைக்கு வலையில் சங்கரா விழுந்தால் சங்கரா, மத்தி விழுந்தால் மத்தி. வஞ்சிரம் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வருகிறவர்கள் இங்கே ஏமாறுவார்கள், அல்லது வேறெங்கிருந்தோ வந்த வஞ்சிரத்தை வாங்கிப் போவார்கள். ‘இன்றைக்கு நம் படகில் என்ன வந்தது?’ என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு எந்தக் கடையிலும் ஒழுங்கான பதில் கிடைக்கும்.

வாங்கிய கையோடு சாந்தோம் தேவாலயத்தையும் மயிலாப்பூரையும் பார்த்துவிடலாம் என்று சிலர் கிளம்புவார்கள். மீன் பையோடு கபாலீசுவரர் கோயில் மாடவீதியில் சுற்ற வேண்டாம், மீனுக்கும் நல்லதில்லை.

மீனைப் பார்த்து வாங்குவது

செவுளைத் தூக்கிப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பாகவோ வெளிறியோ இருந்தால் வேண்டாம். கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழாமல் சதை திரும்ப எழ வேண்டும். வயிறு கிழிந்து தொங்கும் மத்தியும் நெத்திலியும் வேண்டாம். வாசனை கடல் வாசனையாக இருக்கலாம், மூக்கில் ஏறக் கூடாது. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். சொல்லாதவை சில உண்டு.

இறாலுக்குத் தலையைப் பாருங்கள். தலை கறுத்து, தொட்டால் கழன்று வந்தால் பழையது. நண்டு உயிரோடு இருக்க வேண்டும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். அடிவயிற்றை அழுத்தினால் உள்ளே போகக் கூடாது. அமாவாசையை ஒட்டிய நண்டில் சதை இருக்கும், பௌர்ணமி நண்டைத் திறந்தால் தண்ணீர்தான் என்று விற்கிறவர்களே சொல்வார்கள். கணவாயைச் சென்னையில் கடம்பா என்பார்கள். தோலில் புள்ளிகள் தெளிவாக, சதை வெள்ளையாக இருந்தால் வாங்கலாம், முழுக்க இளஞ்சிவப்பு ஏறியிருந்தால் நேரம் கடந்துவிட்டது. சுறாவின் உடம்பில் யூரியா இருப்பதால் அது பழசாக ஆக அமோனியா நெடி அடிக்கும். புட்டுக்குச் சுறா வாங்கும்போது முகர்ந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

எடை எப்போதும் முழு மீனுக்கு. ஒரு கிலோ மீனைச் சுத்தம் செய்தால் முக்கால் கிலோகூட மிஞ்சாது. நான்கு பேருக்குக் குழம்பும் வறுவலும் என்றால் இரண்டு கிலோவாவது வேண்டும். வெட்டக் கூலி தனி. அதற்கென்றே வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அருவாமணையைக் காலால் அழுத்திக்கொண்டு, துடுப்புகளை நறுக்கி, செதிலைத் தேய்த்துத் தள்ளி, செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கீறிக் குடலை வழித்து எறிந்துவிட்டு, ‘குழம்புக்கா, வறுக்கவா?’ என்று உங்களைப் பார்க்காமலே கேட்பார்கள். பதில் தயாராக இருக்கட்டும். குழம்புக்குத் தடித்த துண்டு, வறுவலுக்கு மெல்லியது. தலை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வஞ்சிரத் தலையும் பாறைத் தலையும் குழம்பில் என்ன செய்யும் என்று தெரியாதவர்கள்தான் அதை விட்டுவிட்டுப் போவார்கள். செனை இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள்.

என்ன மீன் வாங்குவது? முள்ளுக்குப் பயப்படுகிறவர்கள் வஞ்சிரத்திலும் வவ்வாலிலும் தொடங்கலாம். இரண்டும் விலை கூடியவை. என் ஓட்டு சங்கராவுக்கும் கிழங்கானுக்கும். கிழங்கான் சதை மிருதுவானது, குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். நெத்திலியைப் பொறுமையாகத் தலை கிள்ள ஆள் இருந்தால் அதற்கு ஈடு இல்லை. வஞ்சிரம்தான் உயர்ந்தது என்ற எண்ணத்தை ஓட்டல்கள் வளர்த்துவிட்டன. துண்டு போட வசதி, முள் குறைவு, வெளியூர்க்காரருக்குப் பெயர் தெரியும் என்பதைத் தவிர அதற்குப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

வாங்கியதைச் சமைப்பது

காசிமேட்டுத் துறைமுகத்தை ஒட்டிய சிறு கடைகளில், வாங்கிய மீனைக் கொடுத்தால் மசாலா தடவி வறுத்துத் தருகிறவர்கள் உண்டு. கிலோவுக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள், எண்ணெய் புதிதா என்று சட்டியை எட்டிப் பாருங்கள்.

வீடு எடுத்திருப்பவர்களுக்கு: கல் உப்பும் மஞ்சளும் போட்டு மீனை நன்றாகக் கழுவுங்கள். சென்னைக் குழம்புக்குப் பல வீடுகளில் தேங்காய் அரைப்பதில்லை. புளி, தக்காளி, சின்ன வெங்காயம், பூண்டு, குழம்பு மிளகாய்த்தூள், நல்லெண்ணெய். கிடைத்தால் ஒரு மாங்காய். குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகுதான் மீன் இறங்க வேண்டும். மீன் போட்டபின் கரண்டியை எடுத்துத் தூர வைத்துவிட்டு, சட்டியை இரண்டு கையாலும் பிடித்து மெல்லச் சுற்றி ஆட்டுங்கள். காலையில் வைத்த குழம்பை இரவில் சாப்பிடுங்கள். மறுநாள் காலை இட்லிக்கு மிச்சம் இருந்தால் நீங்கள் அதிகம் வாங்கியிருக்கிறீர்கள் என்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

வெளியே சாப்பிடுவது

மீன் மதியச் சாப்பாடு. ஓட்டலுக்குப் போவதென்றால் பகல் 12.30க்குப் போங்கள், 3 மணிக்குப் போனால் குழம்பில் துண்டு இருக்காது. சேப்பாக்கம் மைதானத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் நாயர் மெஸ் வெகு காலமாக இதற்குப் பெயர் வாங்கியது. இடம் சிறியது, சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் நிற்பார். அதைப் பொருட்படுத்தாமல் சாப்பிடப் பழகிக்கொள்ள வேண்டும். பெரிய செட்டிநாட்டு ஓட்டல்கள் எல்லாப் பேட்டைகளிலும் இருக்கின்றன. நண்டு மசாலாவுக்கும் இறால் தொக்குக்கும் அங்கே போகலாம். எங்கே போனாலும் பட்டியல் அட்டையை ஒதுக்கிவிட்டு, இன்றைக்கு வந்த மீன் எது என்று பரிமாறுகிறவரைக் கேளுங்கள். சுறாப் புட்டு இருந்தால் விடாதீர்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பால் சுறாவில் செய்து கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். மற்றவர்கள் சாப்பிடக் கூடாது என்று சட்டம் இல்லை.

மெரினாவிலும் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலும் மாலையில் மீன் வறுவல் கடைகள் நிறைய. அங்கே மூன்றே விதி. மாலை 6 மணிக்குள் போங்கள். மசாலா பூசாத முழு மீனைக் காட்டச் சொல்லி, விலையை முடித்து, கண்ணெதிரே வறுக்கச் சொல்லுங்கள். மீன் கண்ணைப் பறிக்கும் சிவப்பில் இருந்தால் அடுத்த கடைக்கு நகருங்கள். பெசன்ட் நகரில் மணலில் நிற்கும் வெள்ளை நினைவு மண்டபம், 1930இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க்குக்காரருக்காகக் கட்டியது. அதைப் பார்த்த பிறகாவது கடலில் இறங்கிக் குளிக்கும் ஆசையை விடுங்கள். இந்தக் கரையில் அடிநீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும். நீச்சல் தெரிந்தவர்களும் போயிருக்கிறார்கள்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால்

வடக்கே பழவேற்காடு. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். ஏரியும் கடலும் சேரும் இடம் என்பதால் நண்டுக்கும் இறாலுக்கும் பேர் போனது. டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். ஏரியில் படகுச் சவாரிக்கு யாராவது கூப்பிட்டால் மட்டும் மறுத்துவிடுங்கள்; 2011 கிறிஸ்துமஸ் நாளில் அங்கே படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம். கடற்கரை சுத்தமாக இருக்கும், மீன் கிடைக்கும். ஆனால் அந்தச் சாலை முழுக்க வார இறுதிக் கூட்டத்துக்கான உணவகங்கள். காசுக்கு ஏற்ற மீன் வேண்டும் என்றால் வடக்குத்தான்.

ஊருக்கு எடுத்துப் போக

பச்சை மீனை எடுத்துப் போக ஆசைப்பட்டால் தெர்மாகோல் பெட்டி வாங்கி, கீழே ஐஸ், நடுவில் மீன், மேலே ஐஸ் என்று அடுக்கி, மூடி விளிம்பு முழுக்கப் பிளாஸ்டர் ஒட்டுங்கள். சொந்தக் காரில் ஆறு, ஏழு மணி நேரப் பயணத்துக்கு இது தாங்கும். ரயிலில் வேண்டாம், ஐஸ் உருகி இருக்கைக்கு அடியில் ஒழுகினால் விழுப்புரம் வருவதற்குள் பெட்டியில் இருக்கும் அத்தனை பேரும் உங்களுக்கு எதிரியாகிவிடுவார்கள்.

கருவாடு அந்த வம்பு இல்லாதது. காசிமேட்டிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் வாங்கலாம். வளைத்தால் வளையாமல் விறைப்பாக இருக்க வேண்டும். மேலே உப்பு ஈரமாகப் பிசுபிசுத்தாலோ, சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ எடுக்காதீர்கள். நெத்திலிக் கருவாட்டில் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள், மண் கடித்தால் தரையில் காய வைத்தது. செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு, துணிகள் இல்லாத பைக்குள் வையுங்கள். விமானம் என்றால் காற்றுப் புகாத உறையில் அடைத்துத் தரும் கடையாகப் பார்த்து வாங்கி, எடுத்துப்போக என்ன விதி என்று விமான நிறுவனத்திடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் உறையைப் பிரித்து இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் காய வையுங்கள், பூனை ஏறாத மாடியாக இருந்தால்.